ஆறு சிலிண்டரும் ஓர் இன்ஜினும்

வரிசையாக ஆறு சிலிண்டர் நிற்கும் பழைய கார் இன்ஜின் ஏறக்குறைய அதிர்வே இல்லாமல் ஓடுகிறது. அந்த அமைதி எந்த உறுப்பில் இருக்கிறது என்று தேடினால் ஓரிடத்திலும் அகப்படாது. ஒவ்வொரு பிஸ்டனும் மேலே போய் நின்று கீழே திரும்பும்போது இன்ஜினை உதைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆறு உதைகளும் சேர்ந்தால் உதையே இல்லாமல் போகிறது. பகுதி எதிலும் இல்லாத ஒரு குணம் முழுமைக்கு எங்கிருந்து வந்தது? முழுமை என்பது பகுதிகளின் வெறும் கூட்டமா, அவற்றைக் கடந்த ஒரு பொருளா? பகுதிகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எஞ்சி நிற்பது பழைய பொருளா, புதியதா? இந்தியாவில் தேரையும் கிரேக்கத்தில் கப்பலையும் முன்னிறுத்திக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. பழைய ஆறு சிலிண்டர் இன்ஜினிடம் கேட்கும்போது அவை இன்னும் கூர்மையாகின்றன. இங்கே பகுதிகள் அருகருகே சும்மா இருப்பதில்லை. ஒன்றையொன்று தேய்த்து ஒன்றையொன்று உருவாக்கிக்கொள்கின்றன.

அமைதியின் காரணம் கிராங்க் ஷாஃப்டின் அமைப்பில் தொடங்குகிறது. அதன் ஆறு வளைவுகளும் இரண்டிரண்டாக இணைந்தவை: முதலாவதும் ஆறாவதும் ஒரு ஜோடி, இரண்டாவதும் ஐந்தாவதும் ஒரு ஜோடி, நடுவில் உள்ள இரண்டும் ஒரு ஜோடி. மூன்று ஜோடிகளும் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகி நிற்கின்றன. பிஸ்டன் ஒரே சீராக ஏறி இறங்குவதில்லை. கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து போவதால், சிலிண்டரின் மேல்பாதியை அது விரைவாகவும் கீழ்ப்பாதியை நிதானமாகவும் கடக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்கினாலும் இந்த வேக வேறுபாட்டால் கணக்கு நேராவதில்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இன்ஜின் மேலும் கீழுமாகக் குலுங்குகிறது. ஆறில் மூன்று ஜோடிகளின் விசைகள் 120 பாகையில் விலகி நிற்பதால், சுற்றுக்கு ஒருமுறை வரும் குலுக்கலும் இருமுறை வரும் குலுக்கலும் கூட்டிப்பார்த்தால் பூச்சியமாகிவிடுகின்றன.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. முன்னால் உள்ள மூன்று சிலிண்டரை மட்டும் தனியே வெட்டியெடுத்து ஓட்டினால் அது நீளவாக்கில் தலையை ஆட்டும். பின்னால் உள்ள மூன்றும் அப்படியே ஆடும், ஆனால் எதிர்த் திசையில். கிராங்க் ஷாஃப்டின் பின்பாதி முன்பாதியின் கண்ணாடிப் பிம்பம். இரண்டு ஆட்டங்களும் ஒரே இரும்புப் பிளாக்குக்குள் சந்தித்து அழிகின்றன. ஆகவே ஆறு சிலிண்டர் இன்ஜினின் அமைதி, தடுமாறும் இரண்டு பாதிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால் பிறப்பது. இரும்பின் தரத்தை எவ்வளவு உயர்த்தினாலும் ஒரு பாதிக்கு மட்டும் அதைக் கொடுக்க முடியாது.

இழுவையிலும் இதே கதைதான். நான்கு வீச்சு இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளுவது ஏறத்தாழ 130 பாகை வரைதான். அதற்குப் பிறகு எக்ஸாஸ்ட் வால்வ் திறந்துவிடும். நான்கு சிலிண்டரில் ஓர் எரிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 180 பாகை. நடுவில் விழும் பள்ளத்தை ஃப்ளைவீலின் எடைதான் கடத்திவிடுகிறது. ஆறு சிலிண்டரில் 120 பாகைக்கு ஓர் எரிப்பு. முந்தையது ஓய்வதற்குள் அடுத்தது தள்ளத் தொடங்கிவிடுவதால் இழுவை அறுபடுவதில்லை. 1-5-3-6-2-4 என்ற எரிப்பு வரிசையில் நெருப்பு முன்பாதிக்கும் பின்பாதிக்கும் மாறிமாறிப் போகிறது; அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் தொடர்ந்து எரிவதே இல்லை. நிமிடத்துக்கு 600 சுற்றில் சும்மா ஓடும்போது விநாடிக்கு 30 எரிப்பு. 2,000 சுற்றில் விநாடிக்கு 100. எரிப்புகள் தனித்தனி வெடிப்புகளாகக் கேட்பது நின்று, ஒரே சுருதியாக மாறும் எல்லை இது. பழைய ஆறு சிலிண்டரின் ரீங்காரம் என்று ரசிகர்கள் சொல்வது இந்தச் சுருதியைத்தான்.

ஆறு சிலிண்டர் கார்களின் வரலாறு 1903இல் நெதர்லாந்தின் ஸ்பைக்கர் செய்த பந்தயக் காரில் தொடங்குகிறது. 1904இல் இங்கிலாந்தின் நேப்பியர் நிறுவனம் ஆறு சிலிண்டர் கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1906இல் ரோல்ஸ் ராய்ஸ் 40/50 மாதிரியை, பின்னாளில் சில்வர் கோஸ்ட் என்று புகழ்பெற்றதை, காட்சிக்கு வைத்தது. ஆனால் அமைதியைக் கொடுத்த அதே நீளம் ஒரு நோயையும் கொடுத்தது. நீண்ட கிராங்க் ஷாஃப்ட் ஒவ்வோர் எரிப்பிலும் இம்மியளவு முறுக்கிக்கொண்டு மீள்கிறது. எரிப்பின் தாளமும் ஷாஃப்டின் இயல்பான முறுக்குத் தாளமும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஒன்றிவிட்டால், முறுக்கம் பெருகிக்கொண்டே போய் ஷாஃப்ட் உடைந்தும் போகலாம். தொடக்க கால ஆறு சிலிண்டர்களில் இது உண்மையாகவே நடந்தது. ஹென்றி ராய்ஸ் தம் இன்ஜினில் சிலிண்டர்களை மும்மூன்றாக இரண்டு பிளாக்குகளில் வார்த்து, தடித்த கிராங்க் ஷாஃப்டை ஏழு மெயின் பேரிங்குகளில் தாங்கவைத்தார். ஃபிரெடரிக் லான்செஸ்டர், ஷாஃப்டின் முனையில் சற்று வழுக்கிச் சுழலும் ஒரு சிறு சக்கரத்தைப் பொருத்தி முறுக்கதிர்வை உராய்விலேயே கரைக்கும் டாம்ப்பரைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் ஆறு சிலிண்டர் நம்பத்தகுந்த இன்ஜின் ஆனது.

அதன் பிறகும் ஒவ்வோர் இன்ஜினுக்கும் தனக்கென்று சில பிடிவாதங்கள் இருந்தன. நடுவில் ஒரே ஒரு கார்புரேட்டர் வைத்த ஆறு சிலிண்டரில் ஓரத்தில் உள்ள முதலாவதற்கும் ஆறாவதற்கும் பெட்ரோல் கலவை கடைசியில்தான் போய்ச்சேரும்; குளிர்ந்த காலையில் நடுச் சிலிண்டர்கள் எழுந்த பிறகுதான் ஓரத்தில் உள்ளவை எழும். இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர் வைத்த ஜாகுவார் எக்ஸ்.கே. இன்ஜினில் முன் கார்புரேட்டர் குடிக்கும் காற்றும் பின்னது குடிக்கும் காற்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மெக்கானிக் ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் காட்டி, இரண்டு சீறலும் ஒன்றாகும்வரை திருகுவார். அந்த இன்ஜினின் பின்பக்க எண்ணெய்த் தடுப்பு வெறும் கயிறு. எண்ணெய் கசிந்தே தீரும். பிளாக்கின் பின்பகுதி நீர்வழியில் துருவும் வண்டலும் சேர்ந்து, கடைசிச் சிலிண்டர்கள் மற்றவற்றைவிடச் சூடாக ஓடும். அமெரிக்காவில் செவ்ரோலே 1929இல் தொடங்கி லட்சக்கணக்கில் செய்த ஆறு சிலிண்டரில், கனெக்டிங் ராடின் அடியில் இருந்த சிறு கரண்டி எண்ணெய்த் தொட்டியில் தோய்ந்து பேரிங்குக்கு எண்ணெய் ஊட்டியது. இந்தப் பழக்கத்தை அந்த நிறுவனம் 1950களில்தான் விட்டது. கிறைஸ்லர் 1959இல் கொண்டுவந்த ஆறு சிலிண்டரோ 30 பாகை சாய்ந்தே நின்றது.

இந்தப் பிடிவாதங்களை வெறும் குறைகளாக எண்ணிவிடக் கூடாது. ஓர் இன்ஜினை இன்னோர் இன்ஜினிலிருந்து பிரித்துக் காட்டுவது இவைதான். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் வார்த்த இரண்டு இன்ஜின்களும்கூடச் சில ஆயிரம் மைல் ஓடியபின் ஒன்றுபோல் இருப்பதில்லை. கேம் ஷாஃப்டின் ஒவ்வொரு மேடும் தன்மேல் அமரும் டேப்பட்டின் முகத்தைத் தனக்கேற்பத் தேய்த்துக்கொள்கிறது. பிஸ்டன் ரிங் தன் சிலிண்டர் சுவரோடு ஒட்டிப்போகிறது. இன்ஜினைப் பிரிக்கும் அனுபவமுள்ள மெக்கானிக் டேப்பட்டுகளை வரிசை மாறாமல் அடுக்கிவைத்து, எடுத்த இடத்திலேயே திரும்பப் போடுவதற்குக் காரணம் இதுதான். மூன்றாவதில் இருந்ததை ஐந்தாவதில் போட்டால் இரண்டுமே அழியும். கனெக்டிங் ராடையும் அதன் கீழ்மூடியையும் சேர்த்து முடுக்கித்தான் வட்டம் கடைகிறார்கள். அதனால் இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு மூடி இன்னொரு ராடுக்குப் பொருந்தாது.

முழுமையைப் பற்றிய விவாதத்தில் இந்த எளிய தொழிற்பழக்கத்துக்குப் பெரிய இடம் உண்டு. இன்ஜின் என்பது வெறும் கூட்டம்தான் என்றால், அளவு ஒன்றாக உள்ள உறுப்புகளை இடம் மாற்றினால் எதுவும் மாறக் கூடாது. ஆனால் மாறுகிறது. ஓடிய ஒவ்வொரு மணி நேரமும் முழுமை தன் பகுதிகளுக்குள் இறங்கி, அவற்றின் வடிவத்தையே திருத்தியிருக்கிறது. ஐந்தாவது டேப்பட் இன்று ஐந்தாவது டேப்பட்டாக இருப்பது, அது அந்த இன்ஜினுக்குள் அந்த இடத்தில் வாழ்ந்ததனால்தான். பகுதியிலிருந்து முழுமை உண்டாவதுபோலவே முழுமையிலிருந்தும் பகுதி உண்டாகிறது.

தேய்மானம் பழுதுபார்ப்பைக் கொண்டுவருகிறது. பழுதுபார்ப்பு உலோகத்தை மாற்றுகிறது. தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்து சற்றுப் பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். இன்னும் தேய்ந்தால் இன்னும் பெரிது. சுவர் மெலிந்து இனி முடியாது என்றால் லைனர் அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவருகிறார்கள். அப்போது பிஸ்டன் தொடும் சுவரில் தொழிற்சாலை வார்த்த இரும்பு துளியும் இல்லை. கிராங்க் ஷாஃப்டைச் சாணைபிடித்து, மெலிந்த அளவுக்கேற்ற தடித்த பேரிங் போடுகிறார்கள். பழைய பேரிங்குக்குள் உருக்கி ஊற்றிய வொயிட் மெட்டலைச் சுரண்டியெடுத்துப் புதிதாக ஊற்றுகிறார்கள். வால்வும் அதன் இருக்கையும் மாறுகின்றன. ஹெட்டில் வெடிப்பு விழுந்தால் ஹெட்டே மாறுகிறது. கடைசியில் ஒருநாள் பிளாக்கும் வெடிக்கிறது.

இத்தனைக்கும் பிறகு எஞ்சி நிற்பது பழைய பொருளா, புதியதா என்ற கேள்வியை நீதிமன்றமே தீர்க்க வேண்டிவந்த ஒரு வழக்கு உண்டு. டபிள்யூ. ஓ. பென்ட்லி வடிவமைத்த ஆறரை லிட்டர் இன்ஜினில் ஆறு சிலிண்டர்; ஒவ்வொன்றும் 100 மில்லிமீட்டர் விட்டம், 140 மில்லிமீட்டர் வீச்சு; மொத்தம் 6,597 கன சென்டிமீட்டர். சிலிண்டருக்கு நான்கு வால்வ். ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு, பிரிக்க முடியாது. மேலிருக்கும் கேம் ஷாஃப்டைச் சங்கிலியோ பல்சக்கரக் கோவையோ சுழற்றவில்லை. ரயில் இன்ஜினின் சக்கரத் தண்டுகளை நினைவூட்டும் மூன்று மெல்லிய தண்டுகள், முறுக்கதிர்வு குறைந்த ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து எழுந்து சத்தமின்றி அதைச் சுழற்றின. இந்த இன்ஜினின் வேகம் கூட்டிய வடிவமே 1928இல் வந்த ஸ்பீட் சிக்ஸ். அவற்றில் ஒன்றான ஓல்ட் நம்பர் ஒன் என்ற பந்தயக் கார் 1929இல் வுல்ஃப் பார்னாட்டோவும் டிம் பர்க்கினும் ஓட்ட, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. 1930இல் பார்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்ட மீண்டும் வென்றது.

வெற்றிகளுக்கு இடையிலும் பின்னும் அந்தக் கார் தொடர்ந்து மாற்றப்பட்டது. பந்தயக் கார்களில் அது இயல்பு. அடுத்த போட்டிக்குள் எது தேய்ந்ததோ அது போகும், எது மேலானதோ அது வரும். பின்னர் புரூக்லேண்ட்ஸ் ஓடுபாதைக்காக அதற்கு 8 லிட்டர் இன்ஜின் பொருத்தினார்கள். அதுவும் ஆறு சிலிண்டர்தான். 1932 செப்டம்பரில் 500 மைல் பந்தயத்தில் அந்தக் கார் சரிந்த ஓடுபாதையின் மேல்விளிம்பைத் தாண்டிப் பறந்து நொறுங்கியது. ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்தார். மிஞ்சியதை எடுத்து பார்னாட்டோ அதை மூடிய காராகத் திரும்பக் கட்டுவித்தார். பல பத்தாண்டுகள் கழிந்தன. 1990இல் அப்போதைய உரிமையாளர் எட் ஹப்பர்ட் அதை 1 கோடி பவுண்டுக்கு மிடில்பிரிட்ஜ் என்ற நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்குபவர்கள் பின்வாங்கினார்கள்: இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் அல்ல, பெயர் மட்டுமே மிஞ்சிய வேறொரு கார் என்பது அவர்கள் வாதம்.

லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஓட்டன் ஒவ்வோர் உறுப்பாகக் கணக்கெடுத்தார். 1929ஆம் ஆண்டுக் காரிலிருந்து எஞ்சியதாக உறுதியாகச் சொல்லத்தக்கது காலம் கணிக்க முடியாத சில்லறைப் பொருத்துகளைத் தவிர வேறில்லை. 1930ஆம் ஆண்டுக் காரிலிருந்து கியர்பாக்ஸ் உறையும் ஸ்டீயரிங் தண்டும் பெடல் தண்டும் இருந்தன. உலோகத்தை அளவுகோலாகக் கொண்டால் வாதம் அத்துடன் முடிந்திருக்கும். நீதிபதி அப்படி முடிக்கவில்லை. இந்தக் கார் எந்தக் கட்டத்திலும் தன் இயல்பை இழக்கவில்லை. வந்த புதிய உறுப்புகள் ஒவ்வொன்றும் அப்போதிருந்த முழுமைக்குள் கரைந்துபோயின. உடைந்து ஒரு காலத்தில் மறைந்து, வேறொரு காலத்தில் புதிதாகப் பிறந்த கார் அல்ல இது. இடைவெட்டில்லாத வரலாறு இதற்கு உண்டு. ஆகவே இதைத் தொடக்கத்தில் இருந்த அதே பொருட்களால் ஆன கார் என்று சொல்ல முடியாது, ஆனால் ஓல்ட் நம்பர் ஒன் என்று சொல்லலாம் என்பது தீர்ப்பின் சாரம். விற்றவர் வென்றார். இது பணத்தைப் பற்றிய வழக்காக இருந்தபோதிலும், தத்துவ நூல்களில் சேரத்தக்க நேர்மையான சிந்தனை அந்தத் தீர்ப்பில் உண்டு.

நீதிபதி நின்ற இடத்தில் அவருக்கு முன்பு பலர் நின்றிருக்கிறார்கள். புளூட்டார்க் எழுதிய தீசியஸ் வரலாற்றில், ஏதென்ஸ் மக்கள் தீசியஸின் கப்பலைக் காத்துவந்தார்கள். மட்கிய பலகையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் இரு அணியாகப் பிரிந்தார்கள். 1655இல் தாமஸ் ஹாப்ஸ் இதற்கு ஒரு முள் சேர்த்தார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸ் கப்பல்? பழைய கார் உலகில் இது கற்பனைக் கேள்வி அல்ல. ஒரு காரின் பழுதான பிளாக் ஒருவர் கொட்டகையிலும் அடிச்சட்டம் இன்னொருவரிடத்திலும் கிடந்து, பின்னர் அவற்றைச் சுற்றி வேறொரு கார் முளைத்து, இரண்டு உரிமையாளர்கள் ஒரே பெயரைக் கோருவது அங்கே நடப்பதுதான்.

இந்திய மரபில் இதற்கு இணையான உரையாடல் மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவிக்கும் நடந்ததாக மிலிந்த பஞ்ஹா சொல்கிறது. தேரில் வந்த அரசனிடம் நாகசேனர் கேட்கிறார்: ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா? எல்லாவற்றுக்கும் இல்லை என்பதே விடை. எல்லாம் சேர்ந்த குவியல் தேரா என்றால் அதற்கும் இல்லை. உறுப்புகளைச் சார்ந்து நாம் வழங்கும் பெயரே தேர். இரவு முழுதும் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றா என்று வேறோரிடத்தில் அவர் கேட்டு, ஒன்றும் அல்ல, வேறும் அல்ல என்று விடை சொல்கிறார்.

நியாய வைசேஷிக மரபினர் இதை மறுத்தார்கள். துணி என்பது நூல்களின் கூட்டம் அல்ல; நூல்களில் உறைகின்ற தனியொரு பொருள், அவயவி. நூல்களைத் தனித்தனியே எத்தனை வைத்தாலும் போர்த்திக்கொள்ள முடியாது. துணியைப் போர்த்திக்கொள்ள முடிகிறது. ஆறு சிலிண்டரின் அமைதியைக் கண்டவர்களுக்கு இந்த வாதத்தின் வலு எளிதில் விளங்கும். ஆறு பிஸ்டனையும் மேசைமேல் பரப்பி வைத்தால் அங்கே சமநிலை என்ற ஒன்று இல்லை. ஆனால் அவர்கள் தம் கொள்கையை முடிவுவரை கொண்டுசென்று, ஒரு பகுதியை நீக்கினாலோ சேர்த்தாலோ பழைய அவயவி அழிந்து புதிய அவயவி பிறக்கிறது என்றும் சொன்னார்கள். அதன்படி ஒரு ஸ்பார்க் பிளக் மாற்றிய நொடியில் பழைய இன்ஜின் இறந்து இன்னொன்று பிறந்துவிடும். பச்சை மண்குடம் சூளையில் வேகும்போது குடம் அணுக்களாகச் சிதறிப் புதுக் குடம் உண்டாகிறது என்று வைசேஷிகரும், குடம் குடமாகவே இருந்து நிறம் மட்டும் மாறுகிறது என்று நையாயிகரும் தமக்குள் வழக்காடியது இந்த இடரைக் கண்டுதான்.

தமிழில் இந்த விவாதத்துக்கு மிகக் கூரிய கருவி மணிமேகலையின் 30ஆம் காதையில் இருக்கிறது. அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த நெறியை உரைக்கும்போது, உலகில் சொற்கள் வழங்கும் வகைகளைப் பிரிக்கிறார். தொகை ஒன்று: உடம்பு, நீர், நாடு என்பவை பலவற்றின் கூட்டத்துக்கு இட்ட பெயர். தொடர்ச்சி இன்னொன்று: வித்து, முளை, தாள் என்று மாறிக்கொண்டே போகும் நிகழ்ச்சி முழுவதையும் நெல் என்கிறோம். வித்தில் இருந்த எதுவும் தாளில் அப்படியே இல்லை. ஆனாலும் அது நெல்தான். ஒரே பொருளை இரண்டு கண்ணாலும் பார்க்கலாம் என்பதே இந்தப் பிரிவினையின் பயன். இந்தக் கணத்தில் நிற்கும் கார் தொகை. 1929இலிருந்து வரும் கார் தொடர்ச்சி. உலோகக் கணக்கு தொகைக்குப் பொருந்தும், தொடர்ச்சிக்குப் பொருந்தாது. ஓல்ட் நம்பர் ஒன் வழக்கில் வாங்க மறுத்தவர்கள் தொகையைக் காட்டி வாதிட்டார்கள். நீதிபதி தொடர்ச்சியைக் கொண்டு தீர்ப்பளித்தார்.

ஆனால் நெல்லுக்கும் இன்ஜினுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஜான் லாக் 1694இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த இயலில் இதைத் தொட்டார். கருவேல மரம் கன்றாக இருந்து பெருமரமானாலும் அதே மரம்தான். பொருள் மாறியும் ஒரே உயிரின் ஒழுங்கு அதில் தொடர்கிறது. கடிகாரத்தையும் அப்படி எண்ணலாம். பழுதுபார்த்தும் கூட்டியும் குறைத்தும் ஒரே ஒழுங்கு தொடர்ந்தால் அது விலங்கின் உடம்புபோல் ஆகிவிடும். ஆனால் உயிருக்கு அசைவு உள்ளிருந்து வருகிறது, இயந்திரத்துக்கு வெளியிலிருந்து வருகிறது என்று அவர் பிரித்தார். பெட்ரோல் இன்ஜின் இந்தப் பிரிவினையைச் சற்று அசைக்கிறது. ஓடத் தொடங்கிய இன்ஜின் தன் காற்றைத் தானே இழுக்கிறது, தன் வால்வைத் தானே திறக்கிறது, எரிந்த சிலிண்டர் அடுத்து எரியப்போகும் சிலிண்டரின் பிஸ்டனை அழுத்திக் கொடுக்கிறது. உள்ளிருந்தே வருகிறது அசைவு. வெளியிலிருந்து வருவது ஆறுதல். உடம்பு தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்கிறது. இன்ஜினின் புண்ணை ஒரு மனிதர் ஆற்ற வேண்டியிருக்கிறது.

ஆகவே பழைய இன்ஜின் ஒன்றின் தொடர்ச்சி இன்ஜினுக்குள் மட்டும் இல்லை. எந்தச் சிலிண்டர் எந்த ஆண்டில் எத்தனை அளவு கடையப்பட்டது, எந்த டேப்பட் எங்கிருந்தது, எந்த வேகத்தில் முன்பக்கத்தில் ஒரு முனகல் எழும் என்று அறிந்திருப்பவரிடமும் அதன் ஒரு பங்கு இருக்கிறது. அவர் அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுப் போனால் தொடர்ச்சி நிற்கிறது. சொல்லாமல் போனால் உலோகம் அப்படியே இருந்தும் ஏதோ ஒன்று அறுந்துவிடுகிறது. நாகசேனரின் பெயரும் வைசேஷிகரின் அவயவியும் விட்டுவைத்த இடம் இது. பராமரிப்பு என்ற உறவைச் சேர்க்காமல் இன்ஜினின் ஒருமையை விளக்க முடியாது.

தொடர்ச்சியின் இடத்தில் எண்ணை வைப்பது இன்றைய சந்தையின் வழி. பிளாக்கில் பொறித்த எண்ணும் அடிச்சட்டத்து எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ளபடி பொருந்தினால் விலை பல மடங்கு ஏறுகிறது. எண் ஒரு சான்று, பயனுள்ள சான்று. ஆனால் சான்று வேறு, சான்று காட்டும் பொருள் வேறு. ஜாகுவார் நிறுவனம் 1963இல் எக்ஸ்.கே. ஆறு சிலிண்டர் இன்ஜின் பொருத்திய இலகு எடை இ-டைப் பந்தயக் கார்களுக்கு 18 அடிச்சட்ட எண்களை ஒதுக்கி 12 கார்களையே செய்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2014இல், மிஞ்சிய 6 எண்களுக்கும் அதே நிறுவனமே கார் செய்தது. அதுபோலவே 1957 பிப்ரவரியில் தொழிற்சாலைத் தீயில் அழிந்த 9 எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களுக்கு ஈடாக 9 கார்களைச் செய்வதாக 2016இல் அறிவித்தது. நிறுவனம் ஒன்று, வரைபடம் ஒன்று, எண் முறையானது. ஆனாலும் இவை 1963ஆம் ஆண்டுக் கார்களோ 1957ஆம் ஆண்டுக் கார்களோ ஆகா. வடிவம் மீண்டது, இடைப்பட்ட ஆண்டுகளில் வாழ்ந்தது எதுவுமில்லை. ஓல்ட் நம்பர் ஒன்னில் பொருள் போய்த் தொடர்ச்சி நின்றது. இவற்றில் பெயர் இருந்தும் தொடர்ச்சி இல்லை. புதிதாகச் செய்தவை என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கும்வரை இதில் குற்றமும் இல்லை.

நினைவை மட்டும் நம்புவதும் ஆபத்து என்பதற்கு இன்னொரு ஸ்பீட் சிக்ஸ் சான்று. 1930 மார்ச்சில் பார்னாட்டோ புளூ டிரெய்ன் என்ற விரைவு ரயிலோடு போட்டியிட்டு பிரான்சின் தெற்கிலிருந்து காரோட்டி, ரயிலுக்கு முன்பே வடகரைக்குப் போய்ச்சேர்ந்தார். அழகிய சரிந்த கூரையோடு கர்னி நட்டிங் நிறுவனம் உடல் வேய்ந்த பென்ட்லிதான் அந்தக் கார் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். டெரன்ஸ் குனியோ அப்படியே ஓவியமும் தீட்டினார். ஆனால் அந்த உடல் பார்னாட்டோவின் கைக்கு வந்ததே போட்டி முடிந்த பிறகுதான். ரயிலை வென்றது எச். ஜே. முல்லினர் உடல் வேய்ந்த சாதாரணத் தோற்றமுள்ள வேறொரு ஸ்பீட் சிக்ஸ். தொடர்ச்சி என்பது விருப்பத்தால் கட்டப்படுவது அல்ல, ஆவணத்தால் சோதிக்கத்தக்க உண்மை என்பதை இது காட்டுகிறது.

கடினமான ஓர் எல்லை மிஞ்சுகிறது. முழுவதும் பிரிக்கப்பட்டு, பெட்டிகளில் பல்லாண்டு கிடக்கும் இன்ஜின் இன்ஜின்தானா? பகுதிகள் பிரிந்ததும் அவயவி அழிந்தது என்பார் வைசேஷிகர். லாக் சொன்ன ஒழுங்கும் அங்கே அசையவில்லை. ஆனால் ராடுகளில் எண் இருக்கிறது. டேப்பட்டுகள் வரிசை மாறாமல் சுற்றிவைக்கப்பட்டிருக்கின்றன. கேம் மேட்டின் தேய்மானம் எந்த முகத்துக்கு எது இணை என்று இன்னும் சொல்கிறது. ஒழுங்கு செயலில் இல்லை, அடையாளங்களில் இருக்கிறது. அந்த அடையாளங்கள் உள்ளவரை, மீண்டும் சேர்த்து முடுக்குவதைப் பிறப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டிகள் கலந்துபோய், ஆறு இன்ஜின்களின் உறுப்புகளிலிருந்து ஒன்று தேறினால், அது ஓடக்கூடிய நல்ல இன்ஜினாக இருக்கலாம். முன்பிருந்த எதன் தொடர்ச்சியாகவும் இராது.

பழம்பொருள் காப்போர் இதற்கு ஒரு நடைமுறையை வகுத்திருக்கிறார்கள். கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், புதிதாக வைத்த பகுதி முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் பழையதிலிருந்து பிரித்தறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்றது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா தன் தூரின் சாசனத்தில் அந்த நெறியைக் கார்களுக்கும் கொண்டுவந்தது: செய்த மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும், மாற்றிய உறுப்பில் நிலையான குறி இட வேண்டும். இதன்படி புதிய பிஸ்டனின் அடிப்பக்கத்தில், இன்ஜின் ஓடும்போது யார் கண்ணிலும் படாத இடத்தில், அது பொருத்தப்பட்ட ஆண்டு பொறிக்கப்படுகிறது. கழற்றிய பழைய பிஸ்டன் பெயர்ச்சீட்டோடு அந்தக் காருடனேயே வைக்கப்படுகிறது.